கொண்டைக்கடலைக் கிழமை

பதிவேட்டில் நாலு கட்டம்.
சேர்க்கை, வருகை, உண்டவர், முட்டை.
பதினோரு வருஷமாக இதைத்தான் நிரப்புகிறேன்,
காசிமேட்டில், கடலுக்கு முதுகு காட்டி நிற்கிற
ஒரு மாநகராட்சிப் பள்ளியில்.

தலைக்கு நூறு கிராம் அரிசி.
தராசு அதற்குமேல் ஒன்றும் கேட்பதில்லை.

மற்ற மாதங்களில் பிள்ளைகள்
வீட்டிலிருந்து ஒரு சின்ன டப்பா கொண்டுவருவார்கள்.
நேற்று வைத்த கவலை மீன் குழம்பு,
காரப்பொடி, அதிர்ஷ்டமிருந்தால் ஒரு நண்டுக்கால்.
அரசாங்கத்துச் சோற்றின்மேல் ஊற்றி
பக்கத்துத் தட்டுக்கும் கொஞ்சம் தள்ளிவிட்டு
அப்புறம்தான் கை வைப்பார்கள்.
வியாழக்கிழமை சாம்பாரை
அஞ்சலை எவ்வளவு பதமாக இறக்கினாலும்
அந்த டப்பாவிடம் தோற்கும்.
"போய்த் தொலையுது" என்பாள், கரண்டியைத் தட்டி.
கோபம் கிடையாது.

ஏப்ரல் பதினைந்தில் தடைக்காலம்.
விசைப்படகுகள் தோளோடு தோள் உரசிக் கட்டிக்கிடக்கின்றன.
டப்பாக்கள் ஒரே நாளில் நிற்பதில்லை.
மூடி தொலைந்துபோச்சு என்று முதலில் ஒரு சாக்கு.
பிறகு சாக்கும் இல்லை.

அப்போதுதான் தட்டுகள் திரும்பி வருகின்றன
இரண்டாம் முறை.
நாலாம் வகுப்பு டிக்சன் மூன்றாம் முறை,
வேறு யாரோ போல முகத்தை வைத்துக்கொண்டு.
அஞ்சலையும் அவனை இப்போதுதான் பார்ப்பவள் போல
அள்ளிப் போடுகிறாள்.

எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேட்டார் தலைமையாசிரியை.
"ஒண்ணாங்கிளாசு புள்ளைங்க
கொறிக்கத்தான் செய்யும் மேடம்."
அஞ்சலையின் தட்டு அன்றைக்கு
நனையாமல் அலமாரியிலேயே இருந்ததை
நான் பார்த்தேன். எழுதவில்லை.
உண்டவர்: நூற்று நாற்பத்து மூன்று.
பொய் இல்லை.
இரண்டாம் சோற்றுக்குக் கட்டம் கிடையாது.

டிக்சனுக்குக் கிழமை தெரியாது என்று
வகுப்பாசிரியர் குறைபட்டுக்கொள்வார்.
தெரியும். வேறு பெயரில் தெரியும்.
செவ்வாய் கொண்டைக்கடலை,
புதன் தக்காளி,
வெள்ளி உருளைக்கிழங்கு.
சனி, ஞாயிறு என்று இரண்டு
பெயர் வைக்காமல் விட்டது.

கடைசி வேலைநாள்.
அரிசி முப்பத்தெட்டு கிலோ மீதம், பருப்பு ஆறு,
எண்ணெய் இரண்டு பாக்கெட்.
எடை போட்டு, எழுதி,
எலிப்பொறி வைத்து, பூட்டினேன்.
படகுக்கும் ஓய்வு, அடுப்புக்கும் ஓய்வு.
மீன்கள் முட்டையிட வேண்டுமென்று
இந்தப் பிள்ளைகளின் முட்டையை நிறுத்தினார்கள்
என்று சொல்ல வாய் வருகிறது.
அப்படி இல்லை.
இரண்டும் ஒரே வெயிலில் வந்து விழுகின்றன,
யாரும் கோத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மே மாதம் ஒரு மத்தியானம்
ஐஸ் கம்பெனி வாசலில் டிக்சன்,
உடைந்த சில்லு ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.
"டீச்சர், இன்னிக்கு இன்னா கிழமை?"
செவ்வாய் என்றேன்.
ஐஸை மறு கன்னத்துக்கு மாற்றினான்.
"கொண்டக்கடல."
வரவேண்டிய பாக்கியை
நினைவூட்டுகிறவன் குரல் அது.
என் பையில் மகளுக்கு வாங்கிய பன் இருந்தது.
கொடுத்தேன் என்று எழுத ஆசைதான்.
பஸ் வந்துவிட்டது.

ஜூனில் பள்ளி திறந்ததும் எடை பார்த்தார்கள்.
மார்ச்சில் இருபத்தாறரை,
இப்போது இருபத்தைந்து.
உயரம் மட்டும் ஒரு விரற்கடை ஏறியிருந்தது,
யாரையும் கேட்காமல்.
இதற்கு வேறு பதிவேடு, வேறு கட்டங்கள்,
என் பதிவேட்டுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை இல்லை.

படகு இறங்க இன்னும் பத்து நாள்.
எடை இயந்திரத்தைவிட்டு இறங்கிய டிக்சன்
சமையல்கூடத்தின் பக்கம் திரும்பி
மூக்கை ஒருமுறை நீள இழுத்தான்.

"புதன்," என்றான்.

புதன்தான்.