எட்டு புள்ளி நாலு

புதுவயல் ஆலையில்
நெல் வரவு எழுதுகிற கை இது.
ஒன்பது வருஷம்.
எண்ணைப் பார்த்தால் கூடுதலா குறைச்சலா என்று
விரலுக்கே தெரிந்துவிடும்.
காரைக்குடி லேபிலிருந்து வந்த தாளில்
எட்டு புள்ளி நாலு என்றிருந்தது.
கூடத்தானே இருக்கிறது, நல்லதுதானே என்றேன்.

ஜெபமாலை நர்ஸ் சிரிக்கவில்லை.
"இது இருப்பு இல்ல அடைக்கம்மை, கேட்பு.
கழுத்துல இருக்கிற சுரப்பி குடுக்க மாட்டாம நிக்குது.
மூளைக்கு அடியிலேர்ந்து ஒருத்தன்
கொண்டா கொண்டான்னு கத்துறான்.
அவன் கத்துனதைத்தான் அளந்து எழுதியிருக்காங்க."

பாக்கி கேட்டு வரும் தபால் என்று புரிந்தது.
எண் பெருக்கும்,
பெட்டி காலியாகவே கிடக்கும்.

ஒன்பதாவது வாரம்.
உள்ளே இருப்பதன் சொந்தச் சுரப்பி
இன்னும் வேலைக்கு வரவில்லையாம்.
மூன்று மாதம் வரை அதன் மூளைக்குப் போகும்
ஒவ்வொரு துளியும் என் பெயரில்தான் பற்று.
நானோ
மதியம் பேரேட்டின் மேல் தலை கவிழ்ந்து தூங்கியவள்,
சித்திரை வெயிலில் குளிருது என்று
மின்விசிறியை நிறுத்தச் சொல்லி
ஆலை முழுக்கச் சிரிப்பு வாங்கியவள்.
மசக்கை என்றார்கள்.
நானும் அப்படியே பதிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்த ஜெபமாலை
அடுப்படியில் உப்பைத் தேடினாள்.
சைக்கிளில் வருகிறவரிடம் படிக்கணக்கில் வாங்கும் கல்லுப்பு.
ஒரு சிட்டிகை நுணுக்கித் தட்டில் வைத்து
சின்னக் குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டாள்.
வெள்ளை, வெள்ளையாகவே இருந்தது.
பக்கத்தில் அவள் பையிலிருந்த பாக்கெட் உப்பு.
ஒரு சொட்டு.
நாவல்பழம் தின்ற நாக்காய் அது மாறியதும்
என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து
"இதுல எது கெட்டது?" என்றார்.
நிறம் மாறாததுதான்.

இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
ஒரே கரிப்பு.
எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

இப்போது விடியலில் ஒரு வெள்ளை மாத்திரை.
காபிக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.
இரும்புச்சத்து மாத்திரை அதோடு சேரக்கூடாது,
அது ராத்திரிக்கு.
ஐந்தரைக்கு எழுந்து
டிகாக்‌ஷன் சொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு
சும்மா உட்கார்ந்திருப்பதுதான்
இந்த வீட்டில் என் கடினமான வேலை.

வியாழனன்று
ஆலைச் சமையற்கூடத்துச் சிட்டை வந்தது.
புளி, வத்தல், உப்பு ஒரு மூட்டை.
பேனா நின்றது.
அவியல் களத்தில் பதினோரு பெண்கள்,
மதியச் சோறு இங்கேதான்.
செகப்பிக்கு நாலு மாதம்.
காளீஸ்வரி சொல்லவில்லை, ஆனால் நேற்று
புழுங்கல் வாடைக்கு வாயைப் பொத்திக்கொண்டு
குழாயடிக்கு ஓடினாள்.
மூட்டையை அடித்தேன்.
மேலே பாக்கெட் உப்பு, இருபத்தைந்து கிலோ என்றெழுதி
விலையையும் போட்டேன்.

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"உப்புக்கா இவ்வளவு?"

ஆமா என்றேன்.
தவிட்டுக் கணக்கைக்கூட அவர்
இத்தனை நேரம் பார்த்ததில்லை.
கையெழுத்துப் போட்டாரா என்று தெரிவதற்குள்
எனக்குக் கண் சொக்கியது.
அடுத்த ரத்தம்
நாலு வாரம் கழித்து.