நாலாயிரம் ஹெர்ட்ஸ்

பகலில் மஞ்சள், இரவில் கறுப்பு.
இரண்டும் ஒரே நுரைதான்.
விரல்களுக்கிடையே உருட்டி மெலிதாக்கி
மறுகையால் காதுமடலை மேலே இழுத்துச்
செருகியதும் முப்பது எண்ணவேண்டும்,
அது ஊதித் துளையை அடைக்கும்வரை.

மஞ்சள், கம்பெனி கொடுப்பது.
பாய்லருக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம்
சத்தம் உள்ளே வராமலிருக்க.
கறுப்பு, நான் வாங்கியது.
ஜோடி பதினெட்டு வெள்ளி,
சத்தம் வெளியே போகாமலிருக்க.

ஊத்தான் மெலிந்தாங்கில்
எண்ணூறு வெள்ளியைக் காதில் மாட்டுகிறவன்
எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.
பார்சல் கொண்டுவந்த ஹஃபீஸ்
கையில் எடைபார்த்து "தங்கமா, அங்கிள்?" என்றான்.
செம்பு என்றேன். மேலே பூச்சு
நிஜமான வெள்ளி, கொஞ்சம்.

கம்பியைக் காதுக்குப் பின்னால் சுற்றிவிட்டால்
சட்டையில் உரசும் கரகரப்பு ஏறாது.
எனக்கு வலது துளை சிறியது,
இடத்துக்கு நடு அளவு, வலத்துக்குச் சின்னது.
இதைக் கண்டுபிடிக்க ஏழு மாதம்.
காற்று கசிந்தால் முதலில் ஓடிப்போவது
மிருதங்கத்தின் தொப்பி.
சரியாக உட்கார்ந்துவிட்டாலோ
பல்லவி எடுக்குமுன் பாடகர்
எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கும்.

ஆனாலும் மேலே எதிலும் திருப்தியில்லை.
ஜால்ராவை ஈரத்துணியில் சுற்றி வைத்ததுபோல.
முதல் ஜோடியைத் தெலுக் இந்தானில்
ஒரு பையன் தலையில் கட்டினேன்.
இரண்டாவது மச்சானுக்கு.
மூன்றாவது இழுப்பறையில்.
நாலாவதை ஒருநாள் கமலேஸ்வரி மாட்டிப் பார்த்து
ஐந்தே விநாடியில் பிடுங்கினாள்.
"ஊசி ஊசியா இறங்குது.
இதைப் போட்டுக்கிட்டு எப்படித்தான் தூங்குறீங்க?"
உனக்குக் காது பழகவில்லை என்று
அரைமணி நேரம் விளக்கினேன்.

ஜூலையில் வேன் வந்தது,
வருடாந்திரக் காதுச் சோதனை.
பெட்டிபோன்ற அறை. கதவு சாத்தியதும் விழுந்த நிசப்தத்தை
நான் காசு கொடுத்தும் வாங்கியதில்லை.
தலையில் மாட்டிய ஹெட்போன் இடுக்கிப் பிடித்தது.
உறை வெடித்த பழைய பஞ்சு.
சொகுசு, பத்துக்கு மூன்று
என்று மனசுக்குள் போட்டுக்கொண்டேன்.
பீப் கேட்டால் பொத்தானை அழுத்தவேண்டும்.
அழுத்தினேன், அழுத்தினேன்,
பிறகு நெடுநேரம் எதுவும் வரவில்லை.
மெஷின் நின்றுவிட்டதோ என்று கண்ணாடி வழியே பார்த்தேன்.
தாதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
விரல் விசையை அழுத்தியபடி.

தாளில் கோடு நேராகப் போய்
நாலாயிரத்தில் கிணற்றில் விழுந்து
எட்டாயிரத்தில் பாதிதான் ஏறியிருந்தது.
எத்தனை இயர்போனுக்கு இப்படி ஒரு கோட்டைப் பார்த்து
வேண்டாம் என்று ஒதுக்கியிருப்பேன்.
பாய்லரில் எனக்கு இருபத்திரண்டு வருடம்.
மஞ்சள் நுரை வர ஆரம்பித்தது
பதினோராவது வருடம்.

வீட்டில் உடனே சொல்லவில்லை.
இழுப்பறையிலிருந்து மூன்றாவதை எடுத்து
வாயில் வலைபோட்ட அந்தச் சின்னக் குழலை
பல் துலக்கும் பிரஷால் சுத்தம் செய்தேன்.
அதில் ஒரு குறையும் இல்லை.

இப்போது இரவில் இடது அவளுக்கு, வலது எனக்கு.
கம்பி கழுத்தருகேதான் பிரிகிறது,
ஆகவே தலைகள் முட்டிக்கொள்ளும்படி உட்காரவேண்டும்.
ஒலியைப் பாதியாகக் குறைத்தால்தான் வருவேன் என்றாள்.
குறைத்தேன்.
ஜால்ரா வந்தால் சொல் என்றேன்.
அவள் சொல்வதில்லை, என் முழங்காலில் தட்டுகிறாள்.
சிலசமயம் இடம் தப்பித் தட்டுகிறாள்
என்று சந்தேகம்.
சண்டை பிடிக்க என்னிடம் ஆதாரமில்லை.

வலது காது ஒரு மணி நேரத்துக்குமேல் வலிக்கிறது.
சின்னதற்கும் சின்னதாய் ஓர் அளவு உண்டாம்.
ஆர்டர் போட்டிருக்கிறேன்,
ஹஃபீஸ் வியாழக்கிழமை வருவான்.