நாய் விழிக்காமல்

உடம்பு ஒரு கிராணி.
எந்தச் செலவை எங்கே மிச்சம் பிடிக்கலாமென்று
ஆட்டம் தொடங்கிய மூன்றாம் நிமிடமே
கண்டுபிடித்துவிடும்.

முதல் வடிவத்தைச் சோதிக்க வந்தவள் யோகராணி.
பாயான் லெப்பாஸில் இரவு ஷிஃப்ட் முடித்து
சீருடையோடு வந்து
சோபாவில் சாய்ந்துகொண்டாள்.
மணிக்கட்டை மட்டும் ஆட்டி
நாற்பத்தொரு டுரியான் பிடித்தாள்.
திரையில் அவள் உருவம்
பாலிக் பூலாவ் தோப்பு முழுக்க
ஓடி, குனிந்து, எழுந்து, இளைத்துப்போனது.
இவளோ மறுகையால் மீகோரெங் தின்றுகொண்டிருந்தாள்.
"நல்லா இருக்குண்ணே. வேர்க்கவே இல்ல."

கைக்கருவியை இழுப்பறையில் போட்டுவிட்டுக்
கேமரா வைத்தேன்.
தோள், இடுப்பு, முட்டி, கணுக்கால் என்று
பதினேழு புள்ளிகளாக அது ஆளை எண்ணும்.
முட்டி மடியாவிட்டால்
பழம் கூடையில் விழாது என்று விதி எழுதினேன்.
எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டு
உட்கார்ந்தபடியே ஆடினார்கள்.
உட்கார்ந்த முட்டியும் மடிந்த முட்டிதானே.

அப்புறம்தான் குதிப்பு வந்தது.
தரையை விட்டுக் கிளம்புவதை
யாரும் பொய்யாகச் செய்ய முடியாது.
பாயா தெருபோங், பன்னிரண்டாம் மாடி,
என் வீட்டுக் கூடம், இரவு பத்து மணி.
லோகேந்திரன் குதித்தான்.
மார்ப்பட்டை நூற்று நாற்பத்தெட்டு காட்டியது.
நான் கைதட்டினேன்.
கீழேயிருந்து யாரோ பதிலுக்குத் தட்டினார்கள்.
துடைப்பக்கட்டை. மூன்று முறை.

மறுநாள் லிஃப்டில் திருமதி ஊய்
என் முகத்தைப் பார்க்காமல்
எண்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"நீ குதித்தால்
என் சாமி மாடத்து ஊதுபத்தியில்
சாம்பல் நேரத்துக்கு முன்னாலேயே உதிர்கிறது."

அன்றிரவு தூங்கவில்லை.
குதிப்பை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன,
கைவீச்சும் வண்ணப் பொறியும்.
எடுக்காவிட்டால்
இந்தத் தீவில் பாதிப் பேருக்குக்
கீழே ஒரு வீடு இருக்கிறது.

விடியலில் ஒரு நாயை வரைந்தேன்.
டுரியான் தோப்பின் காவல் நாய்,
மரத்தடியில் தூங்குகிறது.
மைக்கைத் தரையோடு ஒட்டினேன்.
கால் பதியும் ஓசை கோட்டைத் தாண்டினால்
நாய் விழிக்கும். கூடை காலி.

ஏறுவது எளிது. இறங்குவதில் இருக்கிறது எல்லாம்.
முதலில் விரல் நுனி, பிறகு பாதம்,
கடைசியில் குதிகால்,
அவசரப்படாமல் மடிகிற முட்டி,
முழு எடையையும் தொடையில் ஏந்திக்கொண்டு
கடன் வாங்கிய கண்ணாடிப் பாத்திரத்தை
இறக்கி வைப்பதுபோல
தன்னைத் தானே இறக்கி வைப்பது.
பன்னிரண்டு நிமிடம்.
லோகேந்திரன் மறுநாள் படியிறங்கும்போது
இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்திருந்தான்.

யோகராணியை மறுபடி கூப்பிட்டேன்.
ஏழாம் நிமிடத்தில் என்னைத் திட்டினாள்,
அச்சில் போட முடியாத ஒரு சொல்.
ரப்பர் விரிப்பில் அவளுடைய இரண்டு பாதங்கள்
ஈரமாக இருந்தன.
அந்தச் சொல்லை அப்படியே எழுதி
பக்கத்தில் குறித்துக்கொண்டேன்:
வடிவம் பதினொன்று. தேறியது.

தேறியதா?
ஒருநாள் வேர்ப்பது எதற்கும் சாட்சியில்லை.
மூன்றாவது வாரத்தில்தான் இவையெல்லாம்
துணி காயப்போடும் கம்பியாகின்றன.
எனக்குத் தெரியும்,
எங்கள் வீட்டுச் சைக்கிள் எந்திரத்தில்
இப்போதும் என் கைலி தொங்குகிறது.

திருமதி ஊய் லிஃப்டில் கேட்டார்:
"மேல் வீட்டைக் காலி செய்துவிட்டீர்களா?"
இல்லை ஆண்ட்டி,
தினமும் உங்கள் தலைக்கு மேலேதான்
குதித்துக்கொண்டிருக்கிறோம் என்றேன்.
நம்பவில்லை.

இருபத்து மூன்றாம் நாள்
பதிவேட்டைத் திறந்து பார்த்தேன்.
யோகராணி, அதிகாலை மூன்று பத்து.
நேற்றும் மூன்று பத்து.
முந்தாநாள் நாய் இரண்டு முறை விழித்திருக்கிறது.
நான் எதுவும் கேட்கவில்லை.
அவளே செய்தி அனுப்பியிருந்தாள்,
வணக்கம்கூட இல்லாமல்:

"அந்த நாய்க்கு என்ன பேரு?"

பேர் வைக்கவே
மறந்திருந்தேன்.