தோல் உரிக்கும் வேலை

ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலை
விடியலில் சட்டியை மீறி நின்றது.
ஒரு சிட்டிகை சோடா, ஆறு விசில்.
விரல் பட்டால் வெண்ணெய்.

பெரியபட்டினம் கடையில் வெள்ளை எள் இல்லை,
கறுப்பு எள்தான். வறுத்தேன்.
ஒலிவ எண்ணெய்
முழங்காலுக்குத் தேய்த்தது போக
போத்தலில் மூன்று விரல் மிச்சம்.

பதினோரு வருஷம் தம்மாம் சமையல்கட்டில் நின்றவர்,
இனி உங்கள் பாடு என்று
கரண்டியை நீட்டினேன்.
மச்சான் வாங்கவில்லை.
சாக்கை விரித்துத் தரையில் உட்கார்ந்தார்.
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே
ஒரு நெரி.
தோல் இடப்பக்கம், பருப்பு வலப்பக்கம்.
அடுத்தது.
கண் கடலையில் இல்லை.
ஜன்னலுக்கு வெளியே
பாசி எடுக்கப் போகிற பெண்களின் டயர் மிதவைகள்
வண்டியில் ஆடிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எலுமிச்சை எத்தனை?
தெரியாது.
பூண்டு பச்சையா, வதக்கியா?
அதுக்கு வேற ஆளு.
அரைக்கையில் தண்ணீரா, ஐஸா?

"சுவத்துல ஒரு சின்னக் கதவு இருந்துச்சு.
அது வழியா தட்டைத் தள்ளுவோம்.
அந்தப் பக்கம் மிஷின் சத்தம் மட்டும் கேக்கும்."

நான் செய்கிற ஹம்முஸுக்கு
அரபிகள் வரிசையில் நிற்பார்கள் என்று
வெள்ளிக்கிழமை தோறும் போனில் சொன்னது
இந்த வாய்தான்.
நான் அதைத் தையல்கடையில் சொல்லியிருக்கிறேன்,
கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன்,
வரிசையைக் கொஞ்சம் நீட்டியும் சொல்லியிருக்கிறேன்.

மிக்ஸியைப் போட்டேன்.
அந்தச் சத்தத்தில் யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை.

உப்பு கூடிப்போனது, புளிப்பு ஊற்றினேன்.
புளிப்பு ஏறிப்போனது, நல்லெண்ணெய் ஊற்றினேன்.
கறுப்பு எள் உபயத்தில்
அலை வற்றிய சேற்றின் நிறம்.

பல்கீசு எட்டிப் பார்த்தாள்.
"என்ன, கடலைத் தொவையலா?"
"ஹம்முஸ். உங்க சேகுனா காக்கா செஞ்சது."
மச்சான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
நான் ரொட்டியைத் திருப்பிப் போட்டேன்.

அவள் வழித்துத் தின்றாள். இன்னொரு ரொட்டி கேட்டாள்.
"இதுக்கா அங்கே வரிசையில நின்னாக?"
என்று கேட்டுவிட்டு
கிண்ணத்தில் கொஞ்சம் மகனுக்கும் வாங்கிப் போனாள்.

தோல் முழுவதையும் ஆட்டுக்குப் போட்டேன்.
மோந்து பார்த்துவிட்டு விலகிப் போனது.

கடைசியாக நான் தின்றேன்.
நாக்கால் மேலண்ணத்தில் அழுத்தி, மெதுவாக,
தேடித் தேடி.
ஒரு தோல் இல்லை.