நாரின்-7

இலையுதிர் காலத்தில், பிஷ்கெக்கில் மூடிப்போன வங்கி ஒன்று
பதினொரு கணினிகளைக் கொடுத்தனுப்பியது,
குதிரைத் தீவனம் ஏற்றும் வண்டியில்.
ஒவ்வொன்றிலும் இரண்டு ஜிபி நினைவகம்.
பொத்தானை அழுத்திவிட்டு
நூலகத்து ஆய்பெரி தேநீர் போட்டு, குடித்து,
கோப்பையையும் கழுவிக் கவிழ்ப்பாள்.
வட்டம் சுற்றிக்கொண்டேயிருக்கும்.

"புதுசு வாங்கக் காசில்லை" என்றாள்.
"பழசைக் கொஞ்சம் பட்டினி போடு."

ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
நிறுவல் கோப்பைப் பிரித்தேன்.
நாலரை ஜிபி.

முதலில் போனது வானிலை.
ஜன்னல் இருக்கிறது எங்களுக்கு.
பிறகு சீட்டாட்டம், பங்குச்சந்தை,
கேட்காமலே செய்தி சொல்லும் பெட்டி,
எதைத் தட்டினோம் எப்போது தட்டினோம் என்று
தூரத்தில் யாருக்கோ கோள் சொல்லும் சேவை.
அதை அழிக்கையில் மட்டும்
விரல் சற்று அழுத்தமாகவே விழுந்தது.

முப்பத்தெட்டு மொழிகளில்
கிர்கிஸும் ரஷ்யனும் நின்றன.
ஐஸ்லாந்துக்காரர் எவரும் வரமாட்டார்;
அவர்களுக்கு அவர்கள் குளிரே போதும்.

வரிசையில் ஒரு பெயர்: திரைவாசிப்பான்.
குரல்களோடு சேர்த்து நூற்றுப்பத்து எம்பி.
யோசித்தேனா? இல்லை.
டிக்கை எடுத்தேன்.

விடியும்போது ஒன்றே முக்கால் ஜிபி.
பென்டிரைவில் எழுதிப் பதினொன்றிலும் ஏற்றினேன்.
ஆய்பெரி கெட்டிலுக்குத் திரும்புமுன்
திரை வந்து நின்றது.
பத்தொன்பது நொடி!
பள்ளிப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.
மூன்று நாள் நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

நாலாம் நாள் சகின்பெக் வந்தார்.
கம்பளிச் சங்கத்தில் கணக்கு எழுதியவர்.
பார்வை போய் ஆறு வருஷம்.
மகன் கஸானிலிருந்து அனுப்பும் கடிதங்களை
ஒன்பதாம் கணினிதான் படித்துச் சொல்லும்,
ஒரு ரஷ்யப் பெண்குரலில்,
கிர்கிஸ் சொற்களில் தடுக்கித் தடுக்கி.

உட்கார்ந்தார். தொப்பியை மடியில் வைத்தார்.
பழகிய விசைகளை அழுத்தினார்.
காத்திருந்தார்.
மறுபடி அழுத்தினார்.
"கரண்ட் இல்லையா?" என்றார்,
இயந்திரத்தைக் குறை சொல்ல மனமில்லாமல்.

கரண்ட் இருந்தது.
பத்தொன்பது நொடியில் வந்த திரை
பளிச்சென்று, ஊமையாக, அவர் முகத்துக்கு நேரே.

பதர் என்று நான் தூற்றியதில்
ஒரு மனிதரின் மணி போயிருக்கிறது.
அதை அவரிடம் எப்படிச் சொல்ல?
"வயர் கோளாறு, நாளை வாருங்கள்" என்றேன்.
பொய்.

இரவு மறுபடி பிரித்தேன்.
ஆறாம் பதிப்பைத் தள்ளி
ஏழு என்று பெயரிட்டேன்.
குரலை எடுத்த இடத்தில் வைத்தேன்.
ஐஸ்லாந்து மொழியிடமும் ஒரு கணம் கை போனது.
வைக்கவில்லை.
அத்தனைக்கு நல்லவள் இல்லை நான்.

இப்போது இருபத்துமூன்று நொடி.
அந்தக் கூடுதல் நாலில்
சகின்பெக் கையுறைகளைக் கழற்றுகிறார்,
ஒன்றை மற்றதற்குள் செருகுகிறார்,
மேசை விளிம்பைத் தடவிப் பார்த்து வைக்கிறார்.

பிறகு அந்த ரஷ்யக்காரி
தடுக்கத் தொடங்குகிறாள்.