ஞகரம்

இரவுப் பணி. தலையில் ஹெட்செட்.
முன்னால் நான்கு திரை, ஆறிய காபி.
சான் அன்டோனியோ நகரம் எனக்கு
குரல்களாகத்தான் பழக்கம்.

முதல் வாரம் அவரை ப்ரிசேனோ என்று அழைத்தேன்.
கரகரப்புக்கு நடுவே சிரிப்பு வந்தது.
"ப்ரிசேஞோ, மேடம். அந்த எழுத்தின் தலையில்
ஓர் அலை உண்டு."
ஞாயிற்றையும் ஞாபகத்தையும் வைத்திருக்கும் மொழி
என்னுடையது.
அந்த எழுத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு
கடல் தாண்டி வந்திருந்தேன்.
திறந்தேன்.

பதிலுக்கு அவர் என் பெயரோடு
மூன்று மாதம் மல்லுக்கட்டினார்.
குழலி அவர் வாயில் குரலி ஆனாள்.
திருத்தாமல் விட்டுவிட்டேன்.
அவருக்கு நான் வேறு என்ன?

நேரில் பார்த்ததே இல்லை.

அக்டோபரில் சலாடோ ஓடை
சாலைமேல் ஏறிய இரவு.
ஒரு வேன், இரண்டு பிள்ளைகள், தாய்.
"முழங்கால் அளவு," என்றார்.
"இடுப்பளவு. ஒருத்தியை எடுத்தாயிற்று."
"பையனும் வந்துவிட்டான். குரலி, இந்தம்மா இன்னும்..."

பிறகு வானொலியில்
தண்ணீர் பேசியது.
பிறகு அதுவும் இல்லை.
படகு வந்து சேரப் பதினொரு நிமிடம்
என்றது திரை.
அந்தப் பதினொன்றை நான் இன்னும்
எண்ணி முடிக்கவில்லை.

தாய் பிழைத்தாள். ஒரு பெக்கன் மரம்
விடியும்வரை அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது.
அவரைப் பிடிக்க
அடுத்த வளைவில் மரம் இல்லை.

அடக்கத்தன்று கடைசி அழைப்பு என் பொறுப்பு.
மூன்று முறை கூப்பிட வேண்டும்,
பதில் வராது என்று தெரிந்தே.
இரண்டு முறை எண்ணைச் சொன்னேன்.
இருபத்தொன்று நாற்பது.
இருபத்தொன்று நாற்பது.
மூன்றாவதற்குப் பெயர்.
எலிசெயோ ப்ரிசேஞோ.
நாக்கு அண்ணத்தில் ஒட்டி, மெல்லப் பிரிந்து,
ஞ.
தொப்பிகளின் கூட்டத்தில் ஒரு பெண்
தலை நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் பார்த்தாள்.

அவள் ரெமெடியோஸ், அவர் தங்கை.
மே மாதம் பெயர்ச்சுவரின் முன் மறுபடி சந்தித்தோம்.
ப்ரிசேனோ என்று வெட்டியிருந்தார்கள்.
கல் செதுக்கும் இயந்திரத்தில் அந்தக் குறி இல்லையாம்.
நடுகல் என்றால் எங்களிடம்
வீரனின் உருவம் இருக்கும், வாள் இருக்கும்,
சில நேரம் அவன் மீட்ட மாடுகூட இருக்கும்.
இங்கே பெயர் மட்டும்.
பெயர் மட்டும் என்றால்
அதையாவது சரியாக வெட்ட வேண்டாமா?

அவள் கோபப்படவில்லை. கைப்பையிலிருந்து
புருவப் பென்சிலை எடுத்தாள்.
அண்ணன் பெயரின்மேல் சின்னதாக ஓர் அலை.
நகர்ந்தாள்.
சூஞிகா, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநான்கு. ஓர் அலை.
ஓர்தோஞெஸ், எழுபத்தெட்டு, போக்குவரத்து நிறுத்தம். ஓர் அலை.
பேஞா என்ற பெயரில் நின்றாள்.
"அலையோடு இது பாறை.
அலை போனால் துக்கம்," என்றாள்.
அலை போனால் என் மொழியில் அது பேனா.
சொன்னேன்.
அன்று முதல்முறையாகச் சிரித்தாள்,
அவர் சிரிப்பேதான், கரகரப்பு இல்லாமல்.

மழை வந்தால் அழிந்துவிடுமே என்றேன்.
"அடுத்த மே இருக்கிறதே."

வரிசையின் கடைசியில், மிகப் பழைய கல்லில்,
கானோ.
பென்சில் அந்தரத்தில் நின்றது.
"இவருக்கு அலை உண்டா, இல்லையா?
இரண்டு மாதிரியும் குடும்பங்கள் உண்டு.
கேட்க இவர் வீட்டார் யாரும் வருவதில்லை."

குடையை அவளிடம் கொடுத்துவிட்டு
கல்லருகே குனிந்தேன்.
பணியில் பேசும் குரலிலேயே கூப்பிட்டேன்.
கானோ.
காத்திருந்தேன்.
காஞோ.
காத்திருந்தேன்.