வன்னியென்சிஸ், 1974

அறிவியல் நகரில் கரண்ட் போய் வந்திருக்கிறது.
மைக்ரோஸ்கோப் விளக்கு மெல்லச் சூடேறுகிறது.
பசை பழுத்து மஞ்சளான கண்ணாடித் துண்டில்
ஒரு கடலுயிரின் எலும்பு.
மணற்பருக்கையிலும் சிறிது.
சல்லடைக்குள் இன்னொரு சல்லடை,
உச்சியில் ஒரு கொம்பு,
அடியில் மூன்று கால்.

மூன்று என்றுதான் கப்பிரியேற்பிள்ளை எழுதினார்.
வற்றாப்பளைக்குக் கிழக்கே
எண்ணெய் தேடித் துளைத்த கிணற்றில்
எண்ணூற்றுப் பன்னிரண்டு அடியில் வந்த கல்.
எண்ணெய் வரவில்லை.
கம்பெனி குழாய்களைக் கழற்றிக்கொண்டு போனது.
கல்லைப் பதிவெழுத வந்த கிளார்க் மட்டும்
இரண்டு சாக்குக் கல்லோடு முல்லைத்தீவில் இறங்கி,
இரவல் லென்ஸில் மூன்று வருடம் பார்த்து,
உலகத்தில் இல்லாத ஒன்று என்று
அதற்கு இந்த மண்ணின் பெயரை வைத்தார்.

அந்தத் துண்டுதான் இது.
லக்ஸ்பிறே ரின்னுக்குள், பஞ்சு சுற்றி,
எத்தனை இடம்பெயர்வு கடந்ததோ,
மாங்குளத்தில் ரயர்க்கடை வைத்திருக்கும் அவர் மகள்
போன மாதம் பஸ்ஸில் கொண்டுவந்து தந்தாள்.

நான் திருகைத் திருப்புகிறேன்.
இடுப்பு வளையத்தில், நாலாவது கால் இருக்கவேண்டிய இடத்தில்,
ஒரு முண்டு.
கரடான வெட்டுமுகம்.
கால் இல்லாததும் கால் போனதும் ஒன்றல்ல.
இந்தப் பக்கத்தில் அதை
யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

அதே கல்லைக் கரைத்தேன். இன்னும் ஏழு எலும்பு.
ஏழுக்கும் நாலு கால்.
நாலு காலுக்கு 1889 இலேயே ஒரு பெயர் உண்டு;
கடற்சேற்றை வாளியில் அள்ளிய
நோர்வேக் கப்பல் வைத்தியர் ஒருவர் வைத்தது.
முந்திய பெயர் நிற்கும். அதுதான் சட்டம்.
வைத்தவன் எந்த ஊர், கண்டவன் எந்த ஊர்
என்று அது கேட்பதில்லை.

இரண்டு கிழமை நான் அந்த வரியை எழுதவில்லை.
ஊர்ப்பெயர்ப் பலகைகளில் எழுத்து மாறியபோதெல்லாம்
பல்லைக் கடித்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தவள் நான்.
இப்போது என் கையில் பேனை.
யாரும் என்னை வற்புறுத்தவுமில்லை.

மாங்குளத்துக்குப் போனேன்.
அவள் லொறி ரயர் ஒன்றின் மேல் இருந்து கேட்டாள்.
பிறகு சிரித்தாள்.
"எனக்கு வைச்ச பேர் யசிந்தா.
பதிவில வசிந்தா.
அப்பாட கையெழுத்தில யவும் வவும் ஒண்டு.
ஐம்பத்தொரு வருசம் வசிந்தாவாத்தான் கடனெடுத்தனான்,
கலியாணங் கட்டினனான்.
உங்கட பூச்சிக்கு என்ன?"

பூச்சி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
ரியூப் ஒன்றைத் தண்ணீரில் அமுக்கி
ஓட்டை தேடத் தொடங்கிவிட்டாள்.

இன்றிரவு எழுதிவிட்டேன்.
வைத்தியரின் பெயர் மேலே.
கீழே, உள்தள்ளி, சாய்வெழுத்தில்:
வன்னியென்சிஸ், கப்பிரியேற்பிள்ளை, 1974. இதே இனம்.
அழிப்பதில்லை. பட்டியலில் கிடக்கும்.
அந்தக் குடும்பத்தில் பிறகு கிடைக்கும் எதற்கும்
அந்தப் பெயரைச் சூட்டவும் முடியாது.
என் கணக்குப் பிழை என்று
எவராவது ஒருநாள் காட்டினால்
எழும்பி வரும்.

அதற்காக லேபலைப் புதிதாக ஒட்டினேன்.
கிணறு, ஆழம், திகதி.
பென்சிலால் எழுதினேன்; மை ஊறும்.
ய எது, வ எது என்று
தெரியும்படி.